உச்சி நேரத்துப் பதில்காரன்

கீழவைப்பார்க் கரையில், வள்ளங்களை ஏற்றிவைக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் ஒரு வயர்லெஸ் செட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அப்புறம் நான். இடுப்பு போய்க் கடலுக்குப் போக முடியாதவனுக்கு ஊர் பார்த்துக் கொடுத்த வேலை. காற்று மாறினால் வள்ளங்களுக்குச் சொல்ல வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய் யாராவது 'கரை, கரை' என்று கூப்பிட்டால், பக்கத்தில் நிற்கிற வள்ளத்தை அனுப்ப வேண்டும். மற்ற நேரம் சும்மா இருக்க வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே வராது.

அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பொது அறிவு. நான் படித்தது எட்டாவது வரைக்கும். மீதியெல்லாம் தினசரிக் காலண்டர்த் தாளின் பின்பக்கம், வடை மடித்த பேப்பர், தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வாங்கிய வினா விடைப் புத்தகம் இவற்றிலிருந்து வந்தது. உச்சி நேரத்தில் வலையும் தூண்டிலும் தண்ணீரில் கிடக்கும். ஆட்கள் தார்ப்பாய் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். அப்போது மைக்கை எடுத்து ஒரு கேள்வி போடுவேன். சரியாகச் சொன்ன வள்ளத்துக்கு மறுநாள் டீ என் செலவு.

பதிலை விட அவர்கள் பேச்சைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. எங்கள் ஆட்கள் 'தெரியாது' என்று சொல்லவே மாட்டார்கள். "நெஞ்சுல கிடக்கு அண்ணாச்சி, நங்கூரம் பாறையில மாட்டுன மாதிரி மேல வரமாட்டேங்கு" என்பான் ஒருவன். "நேத்து தெரிஞ்சுது, இன்னைக்கு மீனோட வித்துட்டேன்" என்பான் இன்னொருவன். யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. குரலைக் கேட்டால் ஆள் தெரியும், பிறகு பெயர் எதற்கு?

போன பங்குனியில் ஒரு நாள் காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. "மூணு இதயம் உள்ள பிராணி எது?" என்று கேட்டேன்.

"எங்க மாமியா" என்றான் ஒருவன். "மூணு இருந்தும் ஒண்ணுலயும் இரக்கம் இல்ல."

"ஏலே, அவ மீன் கொழம்பு இல்லன்னா நீ என்னைக்கோ செத்திருப்ப."

சிரிப்பு அடங்கியது. செட்டு கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"கணவாய்."

சரியான பதில். தினமும் கணவாய் மீனை அறுத்துக் கழுவுகிற கைகளில் ஒன்றுக்கும் தெரியாத பதில். ஆனால் அந்தக் குரல் அன்று கடலுக்குப் போன எந்த வள்ளத்தின் குரலும் இல்லை.

மறுநாளும் வந்தது. எந்தக் கிரகத்தில் ஒரு நாள், ஒரு வருஷத்தைவிட நீளம் என்றேன். "வெள்ளி." உடம்பில் ரத்தக்குழாய் ஓடாத இடம் எது என்றேன். "கண்ணுக்கு மேல இருக்க கண்ணாடித் தோல். அது காத்துல இருந்து நேரா மூச்செடுக்கும்." அவசரம் இல்லை, கேலி இல்லை. எல்லோரும் தோற்று ஓய்ந்த பிறகுதான் வரும். போகப்போக மற்றவர்கள் பதில் சொல்வதையே விட்டுவிட்டு அதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

யார் என்று கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் கடலில் ஆள் தெரியாத குரலைப் பார்த்து 'யாரு' என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் பெயர் சொல்லும், பெயர் சொன்னால் கூடவே கரைக்கு வரும் என்பார்கள். கேள்வி கேட்கலாம், பதில் வாங்கலாம். யார் என்று மட்டும் கேட்கக்கூடாது. செட்டு பழுது பார்க்க முத்தையாபுரத்திலிருந்து வரும் மெக்கானிக், காற்றில்லாத வெயில் நாளில் அக்கரைக் குரல்கூட இழுத்துக்கொண்டு வரும், அது சிலோன்காரனாக இருக்கும் என்றான். இருக்கலாம். ஆனால் சிலோன் தமிழ் எனக்குத் தெரியும். இது எங்கள் தமிழ்.

இந்த நேரத்தில்தான் நண்டு வலைக்குப் போகும் பையன் ஒருவன் கொட்டகைக்கு வந்தான். அவனுடைய அண்ணன் போன வருஷம் மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்றில் வள்ளம் கவிழ்ந்து போனவன். கூடப் போனவர்கள் காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து தப்பினார்கள். அவன் உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயருக்கு ஒரு சிலுவை, குருசு என்போம், நட்டுப் பூசை வைத்துவிடலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியும் தம்பிக்காரன் மறித்துக்கொண்டே இருந்தான்.

"அது எங்க அண்ணன் அண்ணாச்சி" என்றான். "அந்த 'ச'வக் கவனிச்சீங்களா? பல்லு வழியா காத்துப் போகுது."

அண்ணனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கட்டுப்பல் வைத்திருந்தான், அதுவும் போய்விட்டது. அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

"செட்டுல எல்லாப் பேச்சுலயும் காத்துப் போகும்ல" என்றேன். என் கை மைக்கை விட்டு விலகியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் அண்ணனின் மனைவி, அவனுடைய மதினியே வந்துவிட்டாள். நண்டு உடைக்கிற கம்பெனியில் வேலை. விரலெல்லாம் ஓடு கீறிய தழும்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"குருசு நட்டா நான் தாலியக் கழட்டணும்" என்றாள். "நடலன்னா தெனமும் அவுகளுக்கும் சோறு வச்சு ரெண்டு தட்டுக் கழுவணும். எதுவா இருந்தாலும் செய்யுதேன் அண்ணாச்சி. அவுகளா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும். நான் ஒரு கேள்வி சொல்லுதேன், அதக் கேளுங்க."

கேள்வியையும் பதிலையும் சொன்னாள். அவர்கள் வீட்டுக் கிணற்றில் என்ன விழுந்து கிடக்கிறது? அந்தக் கட்டுப்பல்தான். தண்ணீர் இறைக்கும்போது குனிந்து சிரித்தானாம், விழுந்துவிட்டதாம். கிணற்றில் பல்லை விட்டவன் என்று ஊர் சிரிக்கும் என்பதற்காக அலையின் மேல் பழி போட்டிருக்கிறான். இது அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

உச்சி நேரம் வந்தது. தகரம் சூட்டில் 'டக் டக்' என்று சொடுக்கியது. முதலில் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன், எந்தப் பறவை பின்பக்கமாகவும் பறக்கும் என்று. கடலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விஷயம் எல்லா வள்ளத்துக்கும் தெரிந்திருந்தது. பிறகு அந்தக் குரல் "தேன்சிட்டு மாதிரி ரொம்பப் பொடிசா, அமெரிக்காப் பக்கம் ஒண்ணு இருக்கு" என்றது.

அவளைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

"அடுத்த கேள்வி" என்றேன். எனக்கே என் குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "கீழவைப்பாருல, நண்டுக் கம்பெனிக்குப் போற பிள்ளையோட வீட்டுக் கிணத்துல என்ன விழுந்து கிடக்கு?"

இரைச்சல். தம்பிக்காரன் தன் வள்ளத்தில் செட்டோடு காதை ஒட்டிவைத்திருந்திருப்பான். இரைச்சல் நீண்டது. சோடா உடைத்ததும் நுரை அடங்குகிற மாதிரி திடீரென்று அடங்கியது.

"அது பொது அறிவு இல்லையே, அண்ணாச்சி."

அவ்வளவுதான். மைக்கை விடுகிற 'கிளிக்' சத்தம் கேட்டது.

அவள் அதுவரை உட்காராத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவுக இல்ல" என்றாள்.

"எப்படிச் சொல்லுத?"

"தெரிஞ்ச கேள்விக்கு அவுகளால வாய மூடிக்கிட்டு இருக்க முடியாது. பல்லுன்னு சொல்லியிருப்பாவ. இல்லன்னா ஒண்ணும் கிடக்கலன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருப்பாவ. நாசூக்கா நழுவத் தெரியாத மனுசன்." கொஞ்சம் சிரித்தாள். "அவ்வளவு புத்தி இருந்தா அன்னைக்குக் காத்தப் பாத்துட்டுத் திரும்பியிருப்பாவளே."

அன்று சாயங்காலம் கரையேறிய கொழுந்தன் அவளிடம் சண்டைக்கு நின்றான். "பதில் தெரியலன்னு சொல்லலியே மதினி! இல்லன்னும் சொல்லலியே!"

"அதான் தம்பி" என்றாள். "எனக்கு அது போதும். உனக்குப் போதாதுன்னா தட்டக் கொண்டாந்து தாரேன், நீ கழுவு."

அவன் குருசு நடச் சம்மதித்தான்.

குருசு நடுகிற நாளில் எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. அது வழக்கம். எல்லா வள்ளமும் மணலில் ஏறிக் கிடந்தது. பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வெயில் நடு உச்சியில் நின்றது. கொட்டகை ஓரத்துக் குழாயில்தான் எல்லோரும் கால் கழுவுவார்கள். வெறும் கழுத்தோடு அவள் முதலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கொழுந்தன். அப்புறம் நான். செட்டை நான் அணைப்பதே இல்லை. உள்ளே அது தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"கரை, கரை."

குழாயைத் திருகிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஒரு கேள்வி" என்றது அந்தக் குரல். அதுவரை அது பதில் மட்டும்தான் சொல்லியிருக்கிறது. "நிலாவுல நின்னு ஒருத்தன் சத்தம் போட்டா, பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்குமா?"

கொழுந்தன் என் தோளைப் பிடித்தான். வலித்தது. கூட்டத்தில் யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். பதில் எனக்குத் தெரியும், காலண்டர்த் தாளில் படித்திருக்கிறேன். ஆனால் மைக் பக்கம் நான் போகவில்லை.

அவள்தான் போனாள். ஈரக் காலோடு கொட்டகைக்குள் நுழைந்து, மைக்கை எடுத்து, நான் அழுத்துகிற மாதிரியே அழுத்தினாள்.

"கேக்காது" என்றாள். "அங்க காத்து கிடையாது."

பொத்தானை விட்டாள். மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். பிறகு வாசலில் வந்து நின்றாள். எந்தக் கேள்விக்கும் சரியா தப்பா என்று சொல்ல வேண்டியது கேட்டவன்தான். உள்ளே செட்டு இரைந்துகொண்டே இருக்க, அது சொல்லப்போவதற்காக நாங்கள் எல்லோரும் அந்த வெயிலில் கால் ஈரம் காய்கிற வரைக்கும் நின்றோம்.