மூன்றாவது குடிலில் கேட்ட கேள்வி

ஞானேந்திரனைப் பெரிய சமையல்காரர் என்று சொல்லிவிட முடியாது. புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துச் சமைத்தவரல்ல. ஆனால் ஒரு சோஸை இன்றைக்கு எப்படிச் செய்தாரோ அப்படியே ஒரு வருடம் கழித்தும் செய்வார். உணவகத்துக் குசினியில் இதைவிடப் பெரிய திறமை அதிகம் தேவைப்படுவதில்லை.

1994இல் சுழிபுரத்திலிருந்து மொன்றியலுக்கு வந்து, டவுன்டவுனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தார். பிறகு சலாட், பிறகு மீன், கடைசியில் சோஸ் அடுப்பு. பதினொரு வருடம். அந்தக் குசினியின் தலைமைச் சமையல்காரி, எல்லோரும் செஃப் என்று கூப்பிடும் கத்தரின், 2005 கோடையில் வேலையை விடுவதென்று முடிவெடுத்தாள். ஐம்பத்தெட்டு வயது. மணிக்கட்டுகள் சட்டியைத் தூக்க மறுத்தன. தனக்குப் பிறகு யார் என்பதை அவளே சொல்லட்டும் என்று முதலாளி விட்டுவிட்டார். இரண்டு பெயர்கள்தான் இருந்தன. ஒன்று ஞானேந்திரன். மற்றது லூக். ஆறு வருடத்துக்கு முன் வெங்காயம் வெட்டத் தெரியாமல் வந்து, ஞானேந்திரனிடம் கத்தி பிடிக்கப் பழகியவன்.

அந்த இடம் ஞானேந்திரனுக்கு வேண்டும். அதை மனைவி சிவமலரைத் தவிர எவரிடமும் அவர் சொன்னதில்லை. வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது, அவர் வளர்ந்த வீட்டில் பிச்சை கேட்பதற்கு முந்தின படி. ஒருவர் ஒன்றைத் தந்தால் முதலில் வேண்டாம் என்பார்கள். தருகிறவர் வற்புறுத்துவார். அதன் பிறகே கை நீளும். தேத்தண்ணியிலிருந்து சம்பந்தம் வரைக்கும் அதுதான் முறை. அங்கே முதல் 'வேண்டாம்' ஒரு மறுமொழியே அல்ல. செருமுவது போன்ற ஒரு சத்தம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று கத்தரின் ஒரு தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு நீட்டினாள். வேண்டாம், நன்றி என்ற பொருளில் "நோன், மெர்சி" என்றார். அவள் அந்தத் தட்டைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்கப் பட்டினியோடு கோப்பை கழுவினார். அதற்குப் பிறகு யார் தட்டை நீட்டினாலும் உடனே வாங்கிக்கொள்வார். அது சாப்பாட்டைப் பற்றிய பாடம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள் கத்தரின் சொன்னாள், "திங்கட்கிழமை கடை பூட்டுத்தானே. நாம் இருவரும் காளான் பிடுங்கப் போகிறோம்."

திங்கட்கிழமை காலையில் சிவமலர் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டே விசாரித்தார்.

"லூக்கும் வாறானோ?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"அப்ப அதுதான். சொல்லத்தான் கூட்டிக்கொண்டு போறா. சப்பாத்து என்னத்தைப் போடுறியள்?"

"குசினிச் சப்பாத்துத்தான். வழுக்காது."

"சீமெந்தில வழுக்காது. மலைக்கு அது தெரியுமோ?"

புரோசார்ட்டைத் தாண்டி, அமெரிக்க எல்லைப் பக்கமாக இரண்டு மணி நேரம் காரோட்டம். கத்தரினின் பாட்டனார் அந்த மலையில் செம்மறி மேய்த்தவர். சரிவு நெடுக ஐந்து குடில்கள் கட்டியிருந்தார். மந்தை போய் நாற்பது வருடம். பாதையைக் காடு எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு குடிலைக் கண்டுபிடித்தால், அங்கிருந்து அடுத்த குடில் இருக்கும் திசையைக் கத்தரின் நினைவுபடுத்திக்கொள்வாள். வழி என்று இருந்தது அவ்வளவுதான்.

முதல் குடிலுக்கே ஒரு மணி நேரம் பிடித்தது. காற்றில் விழுந்த மரங்கள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. சிலவற்றின் மேலால் ஏறி, சிலவற்றின் கீழால் தவழ்ந்தார்கள். பாசி மூடிய பாறைகளுக்கிடையே கால் வைத்தால் தரை இல்லை. ஞானேந்திரனின் இடது கால் முழங்கால்வரை ஒரு பொந்துக்குள் இறங்கியது. கெண்டைக்காலுக்கு முன்னால் தோல் உரிந்து இரத்தம் சப்பாத்துக்குள் ஊறியது. சிவமலர் சொன்னது சரி, மலைக்குத் தெரியவில்லை.

இரண்டாவது குடிலில் கூரை இல்லை. வாசல் நிலையை முள்ளம்பன்றி ஒன்று கொறித்துக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டும் அவசரப்படாமல், முட்களைச் சிலுப்பிக்கொண்டு சுவருக்குப் பின்னால் நடந்து போனது.

"பாட்டனார் ஆடுகளுக்கு உப்புக்கட்டி தொங்கவிடும் இடம்," என்றாள் கத்தரின். "மரத்தில் ஊறியது இன்னும் இருக்கிறது போல."

பழைய மேய்ச்சல் நிலத்தின் ஓரங்களில் மஞ்சள் காளான் கூட்டம் கூட்டமாக நின்றது. குனிந்து குனிந்து இரண்டு கூடைகளை நிரப்பினார்கள். அதற்குமேல் பாறைச்சரிவு. கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஏறினார் ஞானேந்திரன். கத்தரின் மேலிருந்து சிரித்தாள்.

"உன்னை இப்போது பார்த்தால் முதலாளி சம்பளத்தைக் குறைத்துவிடுவார், ஞானா. கையை விட்டுவிட்டுப் பல்லை வாடகைக்கு எடுத்தால் போதும் என்பார்."

"பல்லும் இனி எத்தனை நாளைக்கோ, செஃப்."

அவளை 'நீ' என்று கூப்பிடச் சொல்லி அவள் பதினொரு வருடமாகக் கேட்கிறாள். அவருக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது குடில் மட்டும் முழுதாக இருந்தது. கல்சுவர், தகரக் கூரை, உள்ளே இருவர் உட்காரக்கூடிய ஒரு பலகை. செம்மறிகள் உரசி உரசிக் கதவுநிலையின் கீழ்ப்பாதி எண்ணெய் பூசியது போலக் கறுத்து மினுங்கியது. பார்சலைப் பிரித்தார். கத்தரின் தன் பாணையும் சீஸையும் நீட்டினாள், உடனே வாங்கிக்கொண்டார். அவள் அவருடைய கத்தரிக்காய்க் குழம்பில் பாணைத் தொட்டுச் சாப்பிட்டாள். விரல்களைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னுடைய இடம் உனக்கு வேண்டுமா?"

ஞானேந்திரனின் நெஞ்சுக்கு அது வேண்டும். இதற்காகத்தான் இரத்தம் ஊறிய சப்பாத்தோடு ஏறி வந்திருக்கிறார். ஆனால் வாய் நெஞ்சைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. அது சின்ன வயதில் பழக்கிய வழியிலேயே போனது.

"ஐயோ, நான் என்னத்துக்கு, செஃப்? வேண்டாம். லூக் இருக்கிறான், நல்ல கெட்டிக்காரன்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 'விசர்க்கதை கதையாதே, நீதான் செய்ய வேண்டும்' என்று அவள் சொல்ல வேண்டிய முறை அது.

கத்தரின் அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி" என்றாள். சீஸைச் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

இருவரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அவர் முதல் தரமே ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் மறுத்தவரை வற்புறுத்தவில்லை. மரியாதை மனிதர்களை நெருங்க வைக்கிறது என்று எழுதுகிறவர்கள் அந்தக் குடிலில் ஐந்து நிமிடம் இருந்து பார்த்திருக்கலாம்.

நான்காவது குடிலை நெருங்கும்போது கத்தரின் சட்டென்று அவர் கையைப் பிடித்துச் சுவருக்குப் பின்னால் இழுத்தாள். இருபது அடி தள்ளி ஒரு மூஸ் மான் நின்றது. குதிரையைவிட உயரம். பக்கத்தில் செம்பட்டைக் கன்று. கன்றோடு நிற்கும் மூஸ் கரடியைவிடப் பொல்லாதது என்று காரிலேயே சொல்லியிருந்தாள். தாய் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு இவர்கள் பக்கமாகவே பார்த்தது.

அரை மணி நேரம் அசையாமல் நின்றார்கள். தோளோடு தோள். பதினொரு வருடத்தில் அவ்வளவு கிட்ட, அவ்வளவு நேரம், வேலை இல்லாமல் அவர்கள் நின்றதில்லை. இப்போது கேட்பாள் என்று ஞானேந்திரன் நினைத்தார். இம்முறை விடுவதில்லை. மறுமொழியை மனதுக்குள் பிரெஞ்சில் அடுக்கி வைத்துக்கொண்டார். கத்தரின் அவர் காதுப்பக்கம் குனிந்தாள்.

"இந்த வருடத்துக் கன்று," என்று மெதுவாகச் சொன்னாள்.

மூஸ் போன பிறகு ஐந்தாவது குடிலைத் தேடவில்லை. இறங்கத் தொடங்கினார்கள். இறங்கும்போதும், காரிலும், பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றபோதும் அவர் காத்திருந்தார். கோத் டெ நேஜில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "காலைக் கழுவி மருந்து போடு" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

சிவமலர் கதவைத் திறந்ததும் கேட்டார்.

"கேட்டவவோ?"

"ஓம், கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாமெண்டு சொன்னனான்."

சிவமலர் அவர் முகத்தையே பார்த்தார். விளக்கம் கேட்கவில்லை. அவருக்கு விளங்கும், அதுதான் இன்னும் மோசம்.

"கலியாணத்துக்கும் முதல்ல வேண்டாமெண்டுதானே சொன்னனீங்கள்," என்றார். "எங்கட ஐயா ரெண்டாந்தரம் வந்து கேட்டவர். இவவுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? நாளைக்கு விடியப் போய், நீங்களா வாயைத் திறந்து சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே போனார். கத்தரின் குசினியில் தனியே நின்றாள்.

"செஃப், அந்த இடம் எனக்கு விருப்பம்தான்."

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "நேற்றுப் பின்னேரமே முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். லூக்குக்கும் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாயே, ஞானா."

"பிறகு வழியெல்லாம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை."

"நான் கேட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "இங்கே கேட்டால் எனக்காக ஆம் என்பாய் என்று பயந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. உண்மையைச் சொல்வாய் என்றுதான் அவ்வளவு தூரம் கூட்டிப் போனேன்."

அதற்கு விளக்கம் சொல்லப் புறப்பட்டால் சுழிபுரத்திலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவு பிரெஞ்சு அவரிடம் இல்லை. "ஓம், செஃப்" என்று தமிழில் சொல்லிவிட்டு, உடைமாற்றப் போனார்.

பத்து மணிக்கு லூக் வந்தான். வழக்கத்தைவிட நல்ல சட்டை. சோஸ் அடுப்புக்கு நேரே வந்து நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஞானா, நீங்கள் எனக்கு இரண்டாவது ஆளாக நிற்பீர்களா? நீங்கள் இல்லாமல் என்னால் இந்தக் குசினியை..."

"வீ" என்றார் ஞானேந்திரன், ஆம் என்று, அவன் சொல்லி முடிக்குமுன்பே.

லூக் வாயைத் திறந்தபடி நின்றான். அவரைச் சம்மதிக்க வைக்க வீட்டிலிருந்தே நிறைய யோசித்துக்கொண்டு வந்திருப்பான் போல. சொல்லத் தேவையில்லாமல் போன அத்தனை நல்ல வார்த்தைகளோடும் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மேசையில் இரண்டு கூடை காளான் இருந்தது. தண்ணீர் பட்டால் அது கெட்டுவிடும். ஞானேந்திரன் சின்னத் தூரிகையை எடுத்து, ஒவ்வொன்றாக மலையின் மண்ணைத் துடைக்கத் தொடங்கினார்.