வான்கோழிக்கு அடியில் இருந்த மண்

குணசுந்தரி அக்காவை நான் முதலில் பார்த்தது பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில். மடியில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து சிவந்த தாடை தொங்க ஒரு வான்கோழித் தலை நீட்டிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டுக்காரர்கள் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

"தம்பி, இன்னா படிச்சிகீறீங்க?" என்றார்.

"பி.காம். எங்க ஊர்ல மொத டிகிரி என்னுதுதான்."

"அப்ப பொறுப்பான புள்ளதான். இத கொஞ்சம் புடிங்க, தண்ணி குடிச்சிக்கிறேன்."

அன்று தொடங்கியது பழக்கம். அந்த வான்கோழி என்ன ஆனது என்பதைப் பிறகு ஒரு பயணத்தில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் முனிரத்தினம் ஓரிடத்தைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் குறுக்கே பேசினார்.

குணசுந்தரி பிறந்தது தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில். அப்பாவுக்குச் சுரங்க வேலை. பூமிக்குள் பாறை வெடித்து வீட்டில் பாத்திரங்கள் அதிரும்போதெல்லாம் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலுக்கு ஓடுவார். அப்பா ஒவ்வொரு முறையும் ஆளேற்றும் கேஜில் நல்லபடியாக மேலே வந்துவிட்டார். அம்மாவின் பயம்தான் அடங்கவில்லை, மகளிடமும் தொற்றிக்கொண்டது. தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலைபோல வளர்ந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றுக்காலத்தில் வெள்ளைப் புழுதி கிளம்பும். அம்மா முதலில் சோற்றுப் பானைமேல் ஈரத்துணியைப் போடுவார், அப்புறம்தான் ஜன்னலைச் சாத்துவார். குணசுந்தரியும் அப்படியே. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவர்.

"பயப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு பயப்படுவா இவ" என்பார் முனிரத்தினம்.

பெங்களூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்த்துவந்தார் குணசுந்தரி. விடிவதற்குள் ரயில் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பிழைப்பு. நான் ரயிலில் அந்த வான்கோழியைப் பார்த்த வருஷம்தான் ஷைலா மேடம் அவரைக் கூப்பிட்டார். உள்ளூரில் ஓய்வு பெற்ற டீச்சர். கிறிஸ்துமஸ் மதியத்துக்கு மகள் குடும்பம் வருகிறது, முழு வான்கோழி வேண்டும் என்றார். "நல்லா வந்தா சர்ச்சுல எல்லாருக்கும் உன்னத்தான் சொல்லுவேன், குணா." அது நடந்தால் ரயிலை விட்டுவிடலாம். உள்ளூர் ஆர்டரே போதும்.

பறவையை அறுத்து, வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கிக் கொடுத்தது முனிரத்தினம். மற்றதெல்லாம் குணசுந்தரி. ஒரு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். மறுநாள் தோலுக்கு அடியில் விரல் விட்டு வெண்ணெயும் மிளகும் பூண்டும் அப்பினார். ரொட்டித்துண்டு, ஈரல், வெங்காயம் வதக்கி வயிற்றில் அடைத்துக் காலைச் சேர்த்துக் கட்டினார். அத்தனை பெரிய உடம்பு எந்த ஓவனுக்குள்ளும் போகாது. பிரியாணி அண்டாதான். அடியில் ஒரு சாண் மண் பரப்பி, அதன்மேல் இரும்பு வளையம், வளையத்தின்மேல் தட்டு, தட்டில் வான்கோழி. மூடியின்மேலும் நெருப்பு. மண் கொண்டுவரச் சொன்னது முனிரத்தினத்திடம். பக்கத்தில் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலைத்தான் சொன்னார். அவர் கொட்டிப் பரப்பியபோது இவர் உள்ளே வெண்ணெய்க் கையோடு இருந்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் அண்டா ஏறி நெடுநேரம் ஆகியிருந்தது. மூடிமேல் கரி சேர்க்கக் குனிந்தபோது காலில் ஏதோ மாவுபோல ஒட்டியது. சாக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்த மண். வெள்ளையாக, நைஸாக, விரலால் தேய்த்தால் பவுடராக இருந்தது.

"இன்னாயா இது? எங்கிருந்து எடுத்த?"

"பின்னாடிதான். மழைல மேட்டுலருந்து அடிச்சினு வந்து நிக்குது. சலிக்கக்கூட வாணாம், எவ்ளோ நைஸா கீது பாரு."

குணசுந்தரி கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமே மூஞ்சி இப்டி போச்சு? சின்னதுல அந்த மேட்டுலதான் தகரத்த வெச்சி சறுக்கி வெளையாண்டோம். செத்தா பூட்டேன்?"

"நீ சறுக்குன. அடுப்புல வெச்சி வேகவெச்சியா?"

"கோழி தட்டுலதான கீது. மண்ணு படவே இல்ல."

"ஆவி படுதே."

நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தார்கள். தோல் செம்பு நிறத்தில் மினுங்கியது. வெண்ணெயும் மிளகும் கலந்த வாசனை தெருவே மோப்பம் பிடிக்கிற மாதிரி எழுந்தது. குணசுந்தரி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். விஷத்துக்கு என்ன வாசனை என்று அவருக்குத் தெரியாது. ஆகவே வாசனை எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு பயம் ஏறியது. பக்கத்து வீட்டு ஆடுகள் மேட்டடித் தண்ணீரைக் குடித்து வாயில் நுரை தள்ளிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஷைலா வீட்டுக்கு, நடக்கப் பழகுகிற பேத்தி ஒன்றும் வருகிறது. மென்மையான இடமாகப் பார்த்துப் பிய்த்து அதற்குத்தான் முதலில் ஊட்டுவார்கள்.

"யாருக்கும் தெரியாது, குணா. எடுத்துனு போ" என்றார் முனிரத்தினம். "உனுக்கு நம்பிக்கை இல்லன்னா நான் மொதல்ல தின்றேன். நான் பொழச்சா குடு."

இறக்கையைத் திருகிப் பிய்த்தார். வாய்வரைக்கும் கொண்டுபோனார். குணசுந்தரி தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இறக்கை உதட்டுக்கு முன்னால் நின்றது. நெய் வழிந்து முழங்கைக்கு இறங்கியது.

"சூடா கீது" என்று சொல்லித் தட்டிலேயே வைத்துவிட்டார் முனிரத்தினம்.

ஆறும்வரை இருவரும் காத்திருக்கவில்லை. குணசுந்தரி கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோ ஏறினார். வழியெல்லாம் பொய் தேடிக்கொண்டே போனார். கரிந்துவிட்டது, நாய் இழுத்துவிட்டது, அண்டா கவிழ்ந்துவிட்டது. எந்தப் பொய்யைச் சொன்னாலும், பரவாயில்லை, இருப்பதைக் கொண்டு வா என்று கேட்டுவிட்டால்?

ஷைலா வீட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் நீளத் தட்டு ஒன்று காலியாக வைத்திருந்தது. பேத்தி நாற்காலிக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"எங்க குணா, கையில ஒண்ணும் காணோம்?"

குணசுந்தரி உள்ளதைச் சொன்னார். மண்ணைப் பற்றிச் சொன்னதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஷைலாவும் இந்த ஊரிலேயே பிறந்தவர். எந்த மண் என்று கேட்கவில்லை.

"சாப்பிட்டிருந்தா ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்" என்றார்.

"போயிருக்கலாம் மேடம்."

ஷைலா குனிந்து பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "முட்டை எத்தனை இருக்குன்னு பாருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். குணசுந்தரியை உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

வீடு திரும்பியபோது முனிரத்தினம் கொல்லையில் இடுப்பளவு பள்ளத்துக்குள் நின்று இன்னும் தோண்டிக்கொண்டிருந்தார். "இன்னாயா, ஷாஃப்ட் போடுறியா?" என்றார் குணசுந்தரி. அவர் சிரிக்கவில்லை. வான்கோழி, தட்டு, மண் எல்லாம் உள்ளே போயின. நாய் கிளறாமலிருக்க மேலே கல் ஏற்றினார்கள். அன்று மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தார் முனிரத்தினம். பேச்சில் இந்த இடம் வந்தபோதுதான் ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணசுந்தரி அக்கா இப்போதும், மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கப் பகுதியில், அதே வீட்டில்தான் இருக்கிறார். பெங்களூர் வீடுகளில் ஒன்றை விட்டாயிற்று, இன்னொன்றுக்காக இன்னும் ரயில் ஏறுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு வேறு இரண்டு வீடுகளுக்கு வான்கோழி செய்து கொடுத்தார். அண்டாவுக்குள் மண் போடுவதில்லை, கல் உப்புதான். பாக்கெட்டை அவரே பிரித்துக் கொட்டுகிறார். ஷைலா மேடம் மறுபடி கூப்பிடவில்லை.