அம்மணி என்று கூப்பிட்ட மோட்டார்

என் பிழைப்பில் மண்ணைப் போட்ட பெண்ணைப் பற்றி நானே எழுத வேண்டியிருக்கிறது. கிணத்துக்கடவில் மோட்டார் காயில் கட்டும் கடை என்னுடையது. போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும். கருகினால்தான் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். பிரவீனா வந்தாள், கருகுவது நின்றுபோனது.

அவள் அம்மா செல்லாத்தாளின் தோட்டத்து மோட்டார் ஒரே கோடையில் மூன்று முறை என் கடைக்கு வந்தது. மூன்றாம் முறை பிரவீனாவும் கூடவே வந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். கருகிய காயிலை மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, தண்ணி தீந்தா மோட்டாரு கரண்டு இழுக்கறது கொறையுமுங்களா?" என்றாள்.

"நல்லாவே கொறையும் அம்மணி" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆறே மாதத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைக்கும் ஒரு சின்ன போர்டையும் அதற்கான புரோகிராமையும் கொண்டுவந்தாள். கரண்ட் குறைந்தால் அது மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து மறுபடி போடும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் சூட்சுமம். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்தால் அடுத்த முறை கூடுதலாகக் காத்திருக்கும், நிறைய வந்தால் குறைத்துக்கொள்ளும். பத்து நாளில் அந்தப் போர்வெல்லின் குணம் அதற்கு அத்துபடியாகிவிடும். செய்ததையெல்லாம் போனுக்கு மெசேஜாகவும் அனுப்பும்.

இத்தனையும் செய்துவிட்டு, புரோகிராமை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டாள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். மாற்றிக் கொடுப்பவரும் அதேபோலத் திறந்தே தர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. எனக்குப் பொறுக்கவில்லை, சண்டைக்கே போனேன்.

"ஒவ்வொரு போர்வெல்லும் ஒவ்வொரு தினுசுங்ணா. நா ஒருத்தி எத்தனையத் திருத்தறது? பூட்டி வெச்சா எங்க தோட்டத்துக்கு மட்டுந்தான் ஆகும்" என்றாள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. பல்லடத்திலிருந்து ஒருவரும் அந்தியூரிலிருந்து ஒருவரும், முகம் தெரியாதவர்கள், திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். நானும் காயிலை விட்டுவிட்டு போர்டு மாட்டும் வேலைக்கு மாறினேன்.

முதல் முப்பது தோட்டங்களில் மாட்டியபோது ஒரு கூத்து நடந்தது. முதல் போர்டு செல்லாத்தாளுக்காகச் செய்தது. வீட்டில் அவளை அவள் புருஷன் அம்மணி என்றுதான் கூப்பிடுவார். அதனால் பிரவீனா மெசேஜிலும் அப்படியே எழுதியிருந்தாள். மற்றவர்களுக்குத் தரும்போது அதை எடுக்க மறந்துபோனாள்.

தம்பிதுரை என்று ஒரு தென்னந்தோப்புக்காரர். முறுக்கிய மீசை, அதற்கேற்ற கோபம். அவர் போனுக்கு, "தண்ணி தீந்துபோச்சுங்க அம்மணி. மோட்டார நிறுத்திப்போட்டேன். நாப்பது நிமிசங் கழிச்சுப் பாக்கறேனுங்க" என்று வந்தது. அடுத்து எண்பது நிமிஷம், பிறகு அறுபது. ஒவ்வொன்றிலும் அம்மணி. அவர் மனைவி பாப்பாயி டீக்கடைவரை சொல்லிச் சிரித்துவிட்டாள். அவர் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து ஆடிய ஆட்டம் சொல்லி மாளாது. இருபத்து மூன்றாம் நாள் பிரவீனா திருத்தினாள். நாங்களும் மறந்துபோனோம்.

மூன்று வருஷத்தில் நானூறு தோட்டங்கள் ஆயின. அப்போதுதான் ஒரு பெரிய ஸ்டார்ட்டர் கம்பெனியின் வக்கீலிடமிருந்து பிரவீனாவுக்குக் கடிதம் வந்தது. காத்திருக்கும் நேரத்தைத் தானே கற்றுக்கொள்ளும் முறைக்குத் நாங்கள் பேட்டன்ட் கேட்டிருக்கிறோம், புரோகிராமை உடனே இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பேட்டன்ட் கிடைத்ததும் வழக்கு வரும் என்று எழுதியிருந்தது.

"நீ என்ன அவிய கிட்டத் திருடியா எழுதுன?" என்று கத்தினேன்.

"திருடோணும்னே இல்லீங்ணா. நானா யோசிச்சு எழுதியிருந்தாலும் பேட்டன்ட் அவியளுதுன்னா நா குடுக்கக் கூடாது. வெறும் புரோகிராமுக்குத் தர மாட்டாங்க. அதனால பெட்டி, சென்சார்னு சுத்தி எழுதிக் கேக்கறாங்க."

கடிதம் வந்த வாரமே பல்லடத்துக்காரர் விலகிக்கொண்டார். வழக்கு என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள் என்று மெயில். மறுநாள் அந்தியூர்க்காரரும் விலகினார். அன்றைக்கு மட்டும்தான் அவள் முகம் வாடிப் பார்த்தேன். பேட்டன்ட் கிடைப்பதற்கு முன்பே கம்பெனி பாதி வேலையை முடித்துவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரவீனா அழவில்லை. பேட்டன்ட் தருவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்று படித்துத் தெரிந்துகொண்டு, தானே உட்கார்ந்து எழுதினாள். அவர்கள் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்த தேதிக்கு ஏழு மாதம் முன்பே தன் புரோகிராம் தோட்டங்களில் ஓடியது என்பதுதான் அதன் சாரம். இன்டர்நெட்டில் இருக்கும் தேதியை யாரும் மாற்றலாம், கற்றுக்கொள்ளும் பகுதியைப் பிற்பாடு செருகியிருக்கிறார் என்று கம்பெனி பதில் போட்டது.

ஆக, அந்த நாளில் வந்த மெசேஜ் ஒன்று எங்காவது இருந்தாக வேண்டும். முப்பது பேரையும் கேட்டோம். பாதிப் பேர் போனை மாற்றிவிட்டார்கள். மீதிப் பேர் அழித்துவிட்டார்கள். கடைசியில் தம்பிதுரை வீட்டுக்குப் போனோம்.

"அந்தக் கருமத்த அப்பவே அழிச்சுப்போட்டேன்" என்றார் அவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

உள்ளேயிருந்து பாப்பாயி அவருடைய பழைய பட்டன் போனோடு வந்தாள். "நா எங்க அழிக்க உட்டேன்? மனசு செரியில்லாதப்ப எடுத்துப் படிச்சுச் சிரிப்பேனுங்க" என்றாள். மொத்தம் நாற்பத்தொரு மெசேஜ். தேதியோடு, நிமிஷக் கணக்கோடு. அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

விசாரணை என் கடையில், லேப்டாப்பில் நடந்தது. திரையில் சென்னை பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரியும் கம்பெனி வக்கீலும். சாட்சி என்பதால் தம்பிதுரை வெள்ளை வேட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் கெட்டிக்காரர். "இதில் 'அம்மணி' என்று பெண்ணை அழைப்பதுபோல் இருக்கிறது. போனோ ஓர் ஆணுடையது. மெசேஜே ஜோடித்தது" என்றார்.

பிரவீனா வாயைத் திறப்பதற்குள் தம்பிதுரை எழுந்துவிட்டார். திரையில் அவர் வேட்டி மட்டும்தான் தெரிந்தது.

"நாந்தானுங்க அந்த அம்மணி! இருவத்தி மூணு நாளு என்னைய அப்படித்தான் கூப்புட்டுதுங்க. ஊரே சிரிச்சுதுங்க. பொய்யா ஜோடிக்கறவன் இந்த மானக்கேட்டையா ஜோடிப்பான்?"

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிரவீனா நிதானமாக, அந்த இருபத்து மூன்று நாள் புரோகிராமில் மட்டும்தான் அந்த வார்த்தை உண்டு, நாற்பது, எண்பது, அறுபது என்று நேரம் மாறியதும் அதே மெசேஜ்களில்தான் இருக்கிறது என்று காட்டினாள்.

நான்கு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முன்பே ஊரில் புழங்கிய முறை என்று கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அந்தியூரிலிருந்து ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. பல்லடத்துக்காரர் இன்னும் வரவில்லை.

மறுநாள் தம்பிதுரை கடைக்கு வந்தார். பிரவீனா எழுந்து நின்று, "உங்களுக்கு நா என்னங்க செய்யட்டும்?" என்றாள்.

அவர் வெளியே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "புரோகிராம அவுங்கவுங்க தோதுக்கு மாத்திக்கலாம்னு நீதான சொன்ன?"

"ஆமாங்க."

"அப்ப என்ற மோட்டாருக்கு மட்டும் பழையபடியே போட்டு உடு, அம்மணி. அவ சிரிச்சு நாளாச்சு."