ரொலான் கேட்ட அலிசம்

கிளோதினுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வராது. முத்தியால்பேட்டைத் தமிழ்தான் வரும். இருபது வருஷத்துக்கு மேல் பிரான்சில், தூலோன் நகரத்தில் குப்பை கொட்டியவள், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த கணவர் ரொலான் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது கூடவே வந்தாள். இப்போது அவள் வாயைத் திறந்தால் தெருவில் நாய்கூட ஒதுங்கிப் போகும் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் ரொலான் ரத்தக்கொதிப்பு முற்றி, மூளை நரம்பு வெடித்துப் போய்ச் சேர்ந்தார். பெட்டியை மூடுவதற்குள் அவருடைய தங்கை சபின், சொந்தபந்தம் அத்தனையும் கேட்க ஓங்கி அழுதாள்: “எங்கண்ணனப் பாத்துக்கத் தெரியாதவ கையில குடுத்துட்டோமே!”

அவ்வளவுதான். அந்த ஒரு வரி ஊரெல்லாம் பரவிவிட்டது. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். உப்பைக் குறைத்துச் சமைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, அது தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்தவளுக்கு இந்தப் பட்டம்! நாத்தனாரோடு பேச்சை வெட்டினாள். பதிலை வாயால் சொல்வதில்லை, கல்லறையில் காட்டுவது என்று முடிவெடுத்தாள். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். மொத்தக் குடும்பமும் வந்து நிற்கும். அன்றைக்கு ரொலான் மேல் அலிசம் பூத்துக் கிடக்க வேண்டும். பார்க்கிறவர்கள் வாய் அடைத்துப்போக வேண்டும்.

அலிசம் அவர் கேட்ட பூ. பொடிப்பொடியாக, வெள்ளை வெள்ளையாக, தேன் வாசனையோடு தூலோனில் சுவர் இடுக்கில்கூடத் தானாக முளைத்துக் கிடக்கும். “நான் செத்தா செவந்தியக் கொட்டிடாத கிளோ, இத வை” என்று ஒருநாள் சொன்னார். மனுஷன் சொல்லிவிட்டுச் சௌகரியமாகப் போய்விட்டார். புதுச்சேரி வெயிலில் அதை வளர்ப்பவள் பாடு என்ன ஆகும் என்று கொஞ்சமாவது யோசித்தாரா?

புத்தியுள்ளவர்கள் இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட நேரம் பார்த்து விதைத்து, தை மாசம் பூப் பார்ப்பார்கள். பங்குனி வெயிலில் செடி கருகினால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கல்லறைத் திருநாளுக்குப் பூ வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியில், அந்தப் புழுக்கத்தில் விதைக்க வேண்டும். முதல் வருஷம் மொட்டைமாடிச் சூட்டில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. அடுத்த வருஷம் முளைத்தது. ஆசை ஆசையாக இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினாள், தண்டு அழுகிச் சாய்ந்தது. அன்றைக்கு அவள் தொட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

இந்த வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்தாள். விதையைப் புதைக்காமல் மேலாகத் தூவி உள்ளங்கையால் அழுத்தினாள். அதற்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம், மகாராணி! துணி இஸ்திரி போடும்போது தெளிக்கிற பாட்டிலால் காலையில் மட்டும் தண்ணீர். வெயில் ஏறியதும் மேலே பச்சை வலை. நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப் பிடுங்கி இடைவெளி விட்டாள். பிடுங்கும்போதும் திட்டினாள். அக்டோபர் நடுவில், கல்லறையின் சிமென்ட் கட்டுக்கு நடுவில் இருந்த மண்ணில் கொண்டுபோய் நட்டாள். மழைத் தண்ணீர் தேங்காமல் வடிய ஓரத்தில் ஓட்டை போட்டாள். தினமும் காலையில் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தாள். கடுகு கடுகாக மொட்டு கட்டியது.

மாசக் கடைசியில் ஒருநாள் பேய்மழை, போக முடியவில்லை. மறுநாள் போனால் கல்லறை பளீரென்று வெள்ளையாக நின்றது. மண்ணில் ஒரு இலை இல்லை. பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார் கல்லறைத் தோட்டத்து வேலையாள் அருள்முருகன்.

“யாருய்யா செடியப் பிடுங்கினது?”

“நான்தான் மதாம். சபின் மதாம்தான் சொன்னாங்க, எங்கண்ணன் மேல புல்லு மண்டிக் கெடக்கு, சொரண்டி வெள்ளையடின்னு.”

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திருநாள் சமயத்தில் கல்லறையில் பச்சை தெரிந்தால் கேட்க நாதியில்லாத பிணம் என்பதுதான் இங்கே எல்லாருக்கும் நினைப்பு. சுரண்டி வெள்ளையடித்தால்தான் மரியாதை. கிளோதின் ஸ்கூட்டியை நேராகச் சபின் வீட்டுக்கு விட்டாள்.

“எதுக்குடி என் செடியப் பிடுங்கச் சொன்ன?”

கதவைத் திறந்த சபின் மிரண்டுபோனாள். “செடியா? புல்லுன்னு நெனச்சேன் அண்ணி. நீங்கதான் கண்டுக்கலையே, நானாவது செய்யலாம்னு...”

“நான் கண்டுக்கலையா?”

“உசுரோட இருக்கறப்பவே நீங்க பாத்துக்கிட்ட லட்சணம் தெரியாதா?” சபினுக்கும் சூடு ஏறிவிட்டது. “உப்பில்லாத சோத்தப் போட்டு மனுசன வாட்டி எடுத்தீங்க. வயித்துப் பசியோட இங்கதான் வருவாரு. நான்தான் கருவாட்டுக் கொழம்பும் மாங்கா ஊறுகாயும் வச்சு வயிறு நெறயப் போட்டேன்!”

“எப்பல்லாம் வருவாரு?”

“வாக்கிங் போறேன்னு கெளம்புவாரே, அப்பல்லாம்.”

அவர் தினமும் சாயங்காலம் வாக்கிங் போனவர். தொக்தெர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போயும் பிரஷர் இறங்கவில்லை. “வீட்ல உப்பைக் குறைக்கிறீங்களா, இல்லையா மதாம்?” என்று அவளைத்தான் முறைத்தார். அவமானத்தோடு வீட்டுக்கு வந்து அப்பளத்தைக்கூட நிறுத்தினாள். அப்போது ரொலான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

‘நீதான்டி கொன்னவ’ என்ற வார்த்தை கிளோதினுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே சபினின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிக்கொண்டிருந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அப்படி ஒரு வார்த்தையைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று கிளோதினைவிட யாருக்குத் தெரியும்? வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

திருநாளன்று குடும்பம் முழுக்க மெழுகுவத்தியும் செவந்தியுமாக வந்து நின்றது. “சபின்தான் பளிச்சுன்னு வச்சிருக்கா” என்றாள் ஒரு பெரியம்மா. சபின் தலையை நிமிர்த்தவில்லை. கிளோதின் கல்லறை முன்னால் குனிந்தாள். ஜெபம் செய்யப் போகிறாள் என்று எல்லாரும் அமைதியானார்கள்.

“யோவ் ரொலான்!”

கல்யாணமான நாளிலிருந்து ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லாதவள் அவள்.

“வாக்கிங்காய்யா போன நீ? தெனம் தங்கச்சி வீட்ல கருவாட்ட மொக்கிட்டு, எங்கிட்ட வந்து ‘வாய்க்கு ருசியா ஒண்ணுமில்லியே கிளோ’ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டியே! அவ பாசத்துல போட்டா உனக்கு எங்கய்யா போச்சு புத்தி? தொக்தெர் சொன்னப்ப நீயுந்தான கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த? இனிமே உனக்கு அலிசம் கெடையாது. அந்த எழவ இந்த வெயில்ல என்னால வளக்க முடியாது. செவந்திதான் உனக்கு!”

சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப்போனார்கள். சபின் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பிறகு அதை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: “ஆமா, நான்தான் போட்டேன். எனக்குப் புத்தியில்ல. அண்ணி அவரை நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க.”

மூன்று வருஷமாகக் கிளோதின் கேட்கத் தவித்த வார்த்தை அது. கேட்டாயிற்று. கோபம் மட்டும் இம்மிகூடக் குறையவில்லை. கிளோதின் அந்த வெள்ளைக் கல்லறையையே முறைத்தபடி நின்றாள். ரொலான் வாயைத் திறக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் அந்த மனுஷனிடமிருந்து ஒரு வார்த்தை வராது.