சாப்பாட்டு வேனில் ஏறாமல் பழனிக்கு

காலை ஐந்தரை மணிக்கு மடத்துக்குளம் கல்யாண மண்டபத்தை விட்டுக் கிளம்பினோம். பழனிக்கு இன்னும் சுமார் இருபது கிலோமீட்டர். திருப்பூரிலிருந்து பாத யாத்திரை வரும் எங்கள் பனியன் கம்பெனிக் குழு, தைப்பூச நெரிசல் வேண்டாமென்று மார்கழியிலேயே புறப்பட்டிருந்தது. மற்றவர்கள் வெறுங்காலோடு. நான் பேட்டரி சக்கர நாற்காலியில். கம்பெனி செக்கிங்கில் தைத்த துணியில் பழுது பார்க்கிற எனக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போய்விட்டது.

போன வருடம் வரை சாப்பாட்டு வேனில்தான் வருவேன். அரிசி மூட்டை, குண்டா, அதற்குப் பக்கத்தில் நான். எல்லோருக்கும் முன்னால் பழனி போய்ச் சேர்ந்து, அவர்கள் வரும்வரை வண்டி நிறுத்துமிடத்தில் காத்துக் கிடப்பேன். அப்புறம் வருடம் முழுக்க டீ நேரத்தில் வழிக்கதைதான் ஓடும். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. எரிச்சலாக வரும். இந்தத் தடவை மலையடிவாரம் வரைக்கும் என் சக்கரத்திலேயே வருவதென்று அடம் பிடித்திருந்தேன்.

நாற்காலிக்கு இரண்டு பேட்டரி. ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் பதினைந்து கிலோமீட்டர் தாங்கும், மீதிக்கு வழியில் சார்ஜ் போட்டாக வேண்டும். அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் மாதாந்திர மின்தடை, ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விடும். அதனால் வேனில் தனியாக ஒரு கார் பேட்டரி கொண்டுவந்திருந்தோம். வேனுடைய சொந்த பேட்டரியில் கை வைத்து அது இறங்கிவிட்டால், வண்டி கிளம்பாது. எல்லோர் சாப்பாடும் நடுரோட்டில் நின்றுவிடும். கொண்டுவந்த பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், நட்டுப் போட்டு இறுக்கிய தடித்த ஒயர், அங்கிருந்து இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரில் நாற்காலியின் சார்ஜர். டிரைவர் மாரியப்பன் கோவில்பட்டிக்காரர். "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க போங்க" என்றார்.

அமராவதிப் பாலத்தில் நல்ல பனி. சாமிநாதபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னை. எட்டரைக்கு டீக்கடையில் பேட்டரியை மாற்றிக்கொண்டு, தீர்ந்ததை மாரியப்பனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு முன்னால் போனார். என்னோடு ஒட்டி நடந்தவள் ரேவதி, ஓவர்லாக் டெய்லர். "நீ மட்டும் ஜம்முனு உக்காந்துட்டு வர்றயே, முருகன் உன்ற கணக்குல பாதிதான் எழுதுவாரு" என்று வழி முழுக்கக் கேலி.

பத்தரை மணி. ரோட்டோரப் புளியமரத்தடியில் வேன் நின்றது. கிட்டே போனதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கு சுளித்தது. அயர்ன் டேபிளில் துணி தீயும் வாசனை. மாரியப்பன் வேனின் பின்கதவைத் திறந்தார். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் இருந்த பிளாஸ்டிக் பெட்டி முழுக்க பனியன் வேஸ்ட்! துடைக்க, கட்ட, தலைக்கு வைக்க என்று எங்கள் ஊரில் எதற்கும் அந்த வெட்டுத்துணிதான்.

"குலுங்கி உடைஞ்சிருமேன்னு நாந்தானுங்க காலைல அமுக்கி வெச்சேன்" என்றாள் ரேவதி. முகம் செத்துவிட்டது.

"அடி பாவி, இன்வெர்ட்டருக்கு ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்க!" என்றேன்.

காற்றுப் போக வழியில்லாமல் இன்வெர்ட்டர் கொதித்துத் தானே நின்றிருந்தது. ஒட்டியிருந்த துணி பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வேனே பற்றியிருக்கும். பயந்துபோனேன். சார்ஜரைப் பிடுங்கி, இன்வெர்ட்டரை அணைத்து, மாரியப்பனை மைனஸ் ஒயரைக் கழற்றச் சொன்னேன். துணியை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பேட்டரி உப்பவில்லை, ஒயர் உருகவில்லை. ஆறியதும் எல்லாவற்றையும் திறந்த வெளியில், ஒரு பலகை மேல், ஒன்றை ஒன்று தொடாமல் வைத்து மறுபடி மாட்டினோம். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் நாற்காலிப் பேட்டரியில் அதுவரை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. இப்படித் திறந்து வைத்ததை ஓடும் வேனில் போட முடியாது. குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றாக வேண்டும்.

குழுவுக்குப் பெரியவர் கட்டிங் மாஸ்டர் முத்துசாமி அண்ணன். நேரம் தவறினால் அவருக்கு ஆகாது. "ஏனுங்க சாந்தி, வேன்ல ஏறிக்கலாமுங்கல்ல? எல்லார்த்துக்கும் நேரமாவுதுங்க" என்றார்.

"நீங்கெல்லாம் போங்கண்ணா. சார்ஜ் ஏறுனதும் நான் பின்னாலயே வந்தர்றனுங்க. வேன்ல மட்டும் ஏற மாட்டனுங்க." தனியாகப் போய்ச் சேர்வதும் வேனில் போவதும் ஒன்றுதான் என்று எனக்கே தெரியும்.

ரேவதி துண்டை விரித்து மரத்தடியில் படுத்துவிட்டாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். முத்துசாமி அண்ணன் ரோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எதிரே இளநீர்க்காரனைப் பார்த்தார். "என்னப்பா, ஒண்ணு எவ்வளவு?" நாற்பது ரூபாய். "எல்லார்த்துக்கும் வெட்டு" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். கார் பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. அடியோடு உறிஞ்சினால் கெட்டுவிடும் என்று நானே நிறுத்தினேன். சண்முகநதிப் பாலத்தில் மலை தெரிந்ததும் ஒருத்தர் அரோகரா போட, நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அடிவார மண்டபத்துக்குள் உருண்டபோது மணி நாலு.

எல்லோரும் காலை நீட்டிக் கொப்புளம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஆரம்பித்தேன். லீவரைப் பிடித்துக் கட்டைவிரல் மரத்துவிட்டது, முதுகு ஒடிகிறது, பள்ளம் இல்லாத ரோடே கிடையாதா. முன்பெல்லாம் நான் இருமினாலே மூன்று பேர் தலையணையோடு ஓடி வருவார்கள்.

ரேவதி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எல்லார்த்துக்குந்தான் வலிக்குது சாந்தி. சித்த பேசாம படு."

அத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாயை மூடிக்கொண்டு படுத்தேன்.