தெருக்கோடிப் பூவரசு

புயல் ஓய்ந்த மறுநாள் எங்கள் தெரு முழுக்க அறுத்த பச்சை மரத்தின் வாசனை... இப்போதும் எங்காவது மரம் அறுத்தால் எனக்கு அந்தக் காலைதான் ஞாபகம் வரும்.

வைத்திக்குப்பத்துப் பக்கம் கடலைப் பார்த்துப் போகும் தெரு எங்களுடையது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கும். மத்தியான வெயிலில்கூட செருப்பில்லாமல் நடக்கலாம். ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு. வாசலில் நின்று பார்த்தால் நேராகக் கடல் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பில் போடும் வேலையில் இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "யாராச்சும் வந்து நடுவாங்கன்னு குந்தினு இருந்தா, நம்ம பேரன் காலத்துலதான் நெழலு" என்று ரேஷன் கடை வரிசையில் சொல்லப் போய், அந்த வேலை என் தலையிலேயே விடிந்தது.

வீடு வீடாகப் போனேன். மூலையில் இருந்த கெஸ்ட் ஹவுஸ்காரர் கம்பி வேலி தருவதாகச் சொன்னார். வருகிறவர்களுக்கு நிழலான தெரு என்று காட்டலாமே! சர்ச் பசங்க குழி வெட்டினார்கள். மீனவர் குப்பத்து ஆட்கள் வண்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார்கள். யார் வாசலில் கன்று நிற்கிறதோ அவர்களே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பேச்சு.

எங்களை எல்லாம் அதட்டி வேலை வாங்கியவர், நாங்கள் மரியாதையாக ‘முசியே’ என்று கூப்பிடும் தெருப் பெரியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. ‘போன்ஜூர்’ சொல்லாமல் அவரிடம் பேச்சே தொடங்க முடியாது.

தெருக்கோடியில் குப்பத்துச் செல்வி அக்காவின் மீன் கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு குடை. அவ்வளவுதான். அந்தப் பலகையை வைத்துத்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார்.

கன்றுகள் துளிர் விட்டன... தெருக்கோடியில் மட்டும் இலை ஓரம் கருகி, ஒவ்வொன்றாகச் செத்துப் போயின. மறுபடி நட்டோம். மறுபடி செத்தன.

முசியே கொதித்துவிட்டார். "வலை காயப்போட எடம் போயிடும்னு குப்பத்துக்காரங்கதான் என்னமோ ஊத்தறாங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துல பேசிடலாம். மொதல்ல அந்த மீன் கடைய எடுக்கணும்!"

கெஸ்ட் ஹவுஸ்காரரும் தலையாட்டினார். சேதி குப்பத்துக்குப் போனதும், "அப்டின்னா எங்க மண்ண அள்ளிக் குடுத்துடுங்க" என்று பதில் வந்தது. இத்தனை பேரையும் ஒன்று சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைவிட, அந்த இடம் போனால் செல்வி அக்கா எங்கே போவார்? பெரிய மார்க்கெட்டில் புதிதாக ஒரு பலகை போட யார் விடுவார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் சங்கரா மீன் வாங்கப் போனேன். கடை கட்டும் நேரம். அக்கா ஐஸ் பெட்டியைத் தூக்கி, அடியில் தேங்கிய தண்ணீரைக் கன்றுக்குச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்னா பண்றீங்க?"

"ஏன்டி கத்தற? மீன் கழுவன தண்ணி ஊத்திதான ஒங்க வீட்டு கறிவேப்பில அப்டி தழையுது? பாவம், இதுங்க வாடுதேன்னு தெனம் ஊத்தறேன்."

"அதுல உப்பு கெடக்கேக்கா!"

மீன் கெடாமல் இருக்க ஐஸோடு அவரே அள்ளி அள்ளிப் போடும் கல்லுப்பு. அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ... பாத்து பாத்து ஊத்தி நானே கொன்னுட்டேனாடி?"

மறுநாள் கூட்டத்துக்கு அக்கா தானாகவே வந்தார். "நான்தாங்க ஊத்துனேன். தெரியாம பண்ணிட்டேன். கடைய எடுக்கணும்னா எடுத்துடறேன். குப்பத்து மேல பழி போடாதீங்க."

முசியே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரிதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினால்... தெருக்கோடியில் முசியே! வெள்ளைச் சட்டை முழுக்க மண். உப்பேறிய மண்ணை வாரி வெளியே போட்டுவிட்டு, தன் வீட்டுப் பூவரசில் வெட்டிய கிளைகளை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"கடலோரத்து மரம்மா இது. உப்புக் காத்துக்கும் அசராது, ஒன் ஐஸ் பொட்டிக்கும் அசராது" என்றார் அக்காவைப் பார்த்து. பிறகு குரலை இறக்கி, "கடை இங்கியே இருக்கட்டும். மரத்தப் பாத்துக்க ஆளு வேணாமா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்து, அவர் பாஷையிலேயே நன்றி சொன்னார். "மெர்சி, முசியே."

மத்தியானம் குப்பத்திலிருந்து இன்னொரு வண்டி செம்மண் வந்து இறங்கியதாம். யாரும் கேட்கவே இல்லை.

மரங்கள் வளர்ந்து மறுபடி கைகோத்துவிட்டன. இப்போது சனி, ஞாயிறு ஆனால் அந்தத் தெருவில் கால் வைக்க முடியவில்லை. போட்டோ எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கல்யாண ஜோடிகள் வேறு. எல்லாரும் போய் நிற்பது தெருக்கோடிப் பூவரசுக்குக் கீழேதான். "கடைய கொஞ்சம் தள்ளி வைங்கம்மா" என்று ஒரு போட்டோகிராபர் சொல்லி, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

முசியே போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. நானும் லாஸ்பேட்டைக்குக் குடி வந்துவிட்டேன். இங்கே எதிர் வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு மண் சுமந்தவர்கள், குழி வெட்டியவர்கள், வேலி தந்தவர் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்... நெஞ்சாரச் சொல்கிறேன்.

போன வாரம் மீன் வாங்க அங்கே போனேன். அக்கா ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கி வந்து பூவரசின் அடியில் ஊற்றினார்.

"இவ்ளோ பெரிய மரத்துக்கு இன்னும் எதுக்குக்கா தண்ணி?" என்றேன்.

குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மரத்துக்கு யாருடி ஊத்தறா? முசியேக்கு ஊத்தறேன்."