நன்றாக ஜெபித்து முடிவெடுங்கள் என்றேன்

போன ஞாயிறு எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடுகிற என்னைப் போன்றவர்கள்கூட அன்றைக்கு மட்டும் காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலத்துக்காக உட்கார்ந்திருப்போம். யாரோ படைத்த பூசணிக்காய் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர், இத்தனை பெரிய காய் எதற்கு என்று மனைவி முறைத்தது தனிக்கதை.

காயைக் கொண்டுவந்து கொடுத்தவள் ஸ்டெல்லா. வலது கையால் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தாள். இடது கை முழங்கையில் மடங்கியபடியே இருந்தது. அது இனி நீளாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"புடிங்க அங்கிள், வெயிட்டா இருக்குது" என்று சிரித்தாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதை வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் சொல்லாமல் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

ஸ்டெல்லாவின் அப்பா தேவசகாயம். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் மரவள்ளி போடுகிறவர். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் கள்ளக்குறிச்சியில் என் வீடு தேடி வந்தார். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. பையன் வீடு எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளி.

"கோயில்ல கிட்டார் வாசிக்கறாரு. நல்ல வேலை. எல்லாரும் நல்ல மாதிரிதான் சொல்றாங்க. ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கறவரு... பையன் எப்டி சார்? நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

பையன் எப்படி? எனக்குத் தெரியும். வாசலில் வைத்துப் பெற்ற அம்மாவையே அவன் அறைந்ததை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அந்த அம்மா உதடு கிழிந்து எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். என் மனைவிதான் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பையனின் தாய்மாமன் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். வாராவாரம் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பெயர் நமக்கு எதற்கு? கால்கட்டு போட்டால் தானாகத் திருந்திவிடுவான்...

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பெரிய காரியம் தேவசகாயம். நல்லா ஜெபம் பண்ணி முடிவெடுங்க."

அவர் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

நம் வீடுகளில் இந்த வாக்கியம் படும் பாடு கொஞ்சமா? பெண் பிடிக்கவில்லையா — "ஜெபித்துச் சொல்கிறோம்." மகன் பைக் கேட்கிறானா — "ஜெபம் பண்ணுப்பா, பார்க்கலாம்." கமிட்டியில் யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லையா — "ஜெபத்தில் வைப்போம் ஐயா." யாருமே கோபித்துக்கொள்ள முடியாத பதில். பார்த்தால் பொய் மாதிரியும் தெரியாது. நானும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

தேவசகாயம் நிஜமாகவே ஜெபித்தார். மூன்று நாள் உபவாசம் வேறு. தடை ஏதாவது இருந்தால் காட்டும் ஆண்டவரே என்று கேட்டிருக்கிறார். தடை எதுவும் வரவில்லை. எப்படி வரும்? வரவேண்டியதை நான் மென்று விழுங்கியிருந்தேனே!

தேவ சித்தம் என்றால் ஏதோ வானத்திலிருந்து குரல் வரும் என்று நினைக்கிறோம். சில சமயம் அது பக்கத்து வீட்டுக்காரன் வாயிலிருந்து வரவேண்டியிருக்கிறது. தினமும் முழங்காலில் நின்று ஞானம் தாரும் என்று கேட்கிறவன் நான். அன்றைக்கு எனக்கு ஞானம் குறையவில்லை. தைரியம்தான் இல்லை.

கல்யாணத்துக்குப் போனேன். பிரியாணி சாப்பிட்டேன். மணமக்களை வாழ்த்தி ஜெபமும் செய்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் அவளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டான். அவள் அலறியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கை முறிந்துபோயிற்று. வயிற்றில் நான்கு மாதக் குழந்தை... அதுவும் போயிற்று. தேவசகாயம் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன ஞாயிறு பூசணிக்காயோடு நின்ற என்னிடம் அவர் வந்தார். ஸ்டெல்லா ஏல மேஜைப் பக்கம் திரும்பிப் போயிருந்தாள்.

"சின்னவளுக்குத் திருக்கோவிலூர்ல ஒரு எடம் வந்துக்கினு இருக்குது சார். பெரியவ விஷயத்துல நீங்க சொன்னீங்க, நாங்கதான் சரியா ஜெபிக்கல போல. இந்தத் தடவ நீங்களும் சேந்து ஜெபம் பண்ணணும்."

நாங்கதான் சரியா ஜெபிக்கல... இத்தனை நாளும் பாவி மனுஷன் இதையா சுமந்துகொண்டிருந்தார்? அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க ஜெபத்துல ஒரு குறையும் இல்ல தேவசகாயம். அவன் அவங்கம்மாவ அடிச்சத நான் பாத்திருக்கேன். நீங்க வந்து கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். கண் கலங்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள்.

"இன்னாப்பா ஆச்சு? அங்கிள் இன்னா சொல்றாரு?"

தேவசகாயம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லமா. சின்னவளுக்குப் பாத்த மாப்ள வூட்ட சாரே நேர்ல போய் விசாரிச்சிட்டு வராராம். நாளைக்கே போறாராம்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திருக்கோவிலூர் போனேன். ஸ்டெல்லாவுக்காகப் பஸ்கூட ஏற வேண்டியிருக்கவில்லை... வாயைத் திறந்திருந்தால் போதும்.